ராஜேஷ் பைலட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பைலட் என்பது குடும்பப் பெயரா சார்?

பதில்: இல்லை. இயற்பெயர் ராஜேஷ்வர் பிரசாத். விமானப்படையை விட்டு வந்து 1980-ல் ராஜஸ்தானின் பரத்பூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற சமயத்தில், மக்களுக்குச் சட்டென்று புரியட்டும் என்று சேர்ந்த பெயர் அது. ஜெயித்தார், பெயரும் நிலைத்துவிட்டது.

கேள்வி: 1966-ல் மிசோ கிளர்ச்சியின்போது நம் விமானப்படை மிசோரத்தின் ஐசால் நகரத்தில் குண்டு போட்டதே, அதில் பறந்தவர் இவர் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பதில்: தவறு. ஐசால் தாக்குதல் நடந்தது 1966 மார்ச்சில். இவர் அதிகாரியாக நியமனம் பெற்றதே அந்த ஆண்டு அக்டோபர் 29-ல்தான். 2023-ல் இந்தப் பேச்சு கிளம்பியபோது மகன் சச்சின் பைலட் நியமனச் சான்றிதழையே வெளியிட்டார். இவர் குண்டு போட்டது 1971 போரில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில். நாட்டுக்காகப் போரில் பறந்தவர் மேல் இப்படி ஒரு பழியைப் பகிர்வதற்கு முன் தேதியையாவது பாருங்கள்.

கேள்வி: பணியில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்க முடியாதா?

பதில்: முடியாது, ராஜினாமா செய்தாக வேண்டும். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 20 ஆண்டு சேவை வேண்டும். இவர் சுமார் 13 ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர் என்ற விமானப்படை அதிகாரிப் பதவியோடு, ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தார். சிறுவயதில் டெல்லி பங்களாக்களுக்குப் பால் ஊற்றியவர், தோற்றிருந்தால் தாங்கிப் பிடிக்கச் சொத்து எதுவும் இல்லை.

கேள்வி: அமைச்சராகச் சாதித்தது என்ன?

பதில்: ராஜீவ் காந்தி ஆட்சியில் தரைவழிப் போக்குவரத்து, நரசிம்ம ராவ் ஆட்சியில் தகவல் தொடர்பு, அப்புறம் உள்துறை இணையமைச்சராக உள்நாட்டுப் பாதுகாப்பு. நான் மதிப்பது அந்தக் கடைசிப் பொறுப்பில் அவர் செய்ததை. பிரதமருக்கே நெருக்கமானவர் என்று பேசப்பட்ட சாமியார் சந்திராசாமியைக் கைது செய்யும்படி 1995-ல் சொன்னார். சில நாட்களிலேயே இவரைச் சுற்றுச்சூழல் துறைக்கு மாற்றிவிட்டார்கள். சந்திராசாமி 1996-ல் ஒரு மோசடி வழக்கில் கைதானார். பதவியை இழக்க நேரும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடுகிற அமைச்சர்கள் எத்தனை பேர்?

கேள்வி: காங்கிரஸ் தலைவராகியிருப்பாரா?

பதில்: 1997-ல் கட்சித் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். சீதாராம் கேசரிக்கு 6,224 வாக்குகள், சரத் பவாருக்கு 882, இவருக்கு 354. கட்சிக்குள் போட்டியே வேண்டாம் என்ற மனநிலைக்கு எதிராக நின்றார் என்றே நான் பார்க்கிறேன். இன்னொரு வாய்ப்பு அமையவில்லை. 2000 ஜூன் 11-ல், தன் தொகுதியான தௌசாவுக்கு அருகே சாலை விபத்தில் இறந்தார். வயது 55. தௌசாவில் அடுத்து மனைவி ரமா வென்றார், 2004-ல் சச்சின்.