தேவிகா ராணியை இந்தி சினிமாவின் முதல் பெரிய நாயகி என்கிறார்களே, ஏன்?

அழகு மட்டும் காரணமில்லை. வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினம்) 1908-ல் பிறந்து, சிறுமியாகவே இங்கிலாந்து போய்ப் படித்தவர். அங்கே துணிகளுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் திரைப்படத் தயாரிப்பாளர் ஹிமான்ஷு ராயைச் சந்தித்து மணந்தார். 1934-ல் இருவரும் பம்பாய் மலாடில் பாம்பே டாக்கீஸ் என்ற சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். 'அச்சுத் கன்யா'வில் (1936) மெலிதாகத் தீட்டிய புருவத்தோடு தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணாக வந்தார், ஜோடியாக நடித்த அசோக் குமார் அதே ஸ்டுடியோ லேபில் வேலை பார்த்தவர்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அப்புறம் நடந்ததுதான்: 1940-ல் கணவர் இறந்ததும் ஸ்டுடியோ நிர்வாகத்தைத் தானே கையில் எடுத்தார், பின்னாளில் பெரிய நட்சத்திரமான யூசுப் கான் என்ற இளைஞரை நடிகராகச் சேர்த்துக்கொண்டு திலீப் குமார் என்று பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னவரும் இவரே. 1945-ல் ரஷ்ய ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கை மணந்து சினிமாவை விட்டார், பின்னாளில் பெங்களூரு பக்கம் தோட்ட வீட்டில் வாழ்ந்தார். தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலில் பெற்றவரும் இவர்தான்.