திங்கட்கிழமைக்கு ஆறு எண்கள்

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் காலை எட்டரைக்கே மனு அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். வேர்ட், எக்செல், குரோம், ஸ்கேனர், கால்குலேட்டர் என்று மாற்றி மாற்றித் திறக்கிறேன். டெஸ்க்டாப் முழுக்க ஐகான். தேடி டபுள் கிளிக் செய்வதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது. சாயங்காலம் மணிக்கட்டு வலி வேறு. மவுஸைத் தொடாமல் இவற்றைத் திறக்க முடியுமா? ஷார்ட்கட் கீ வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

வாசகி, மஞ்சக்குப்பம்

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். புதிதாக எதையும் இறக்கி நிறுவவும் வேண்டாம்.

நீங்கள் தினமும் தொடும் ஆறு புரோகிராம்களை மட்டும் டாஸ்க்பாரில், அதாவது திரையின் அடியில் ஓடும் பட்டையில், பொருத்துங்கள். புரோகிராம் திறந்திருக்கும்போது கீழே அதன் ஐகானை ரைட் கிளிக் செய்தால் ‘பின்’ செய்யும் வசதி வரும். பிறகு ஐகான்களை இழுத்து வரிசைப்படுத்துங்கள். இடப்பக்கம் முதலில் இருப்பது 1, அடுத்தது 2. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு 2 தட்டினால் இரண்டாவது ஐகான் திறக்கும். ஏற்கெனவே திறந்திருந்தால் முன்னால் வந்து நிற்கும். எழுத்துகளுக்கு மேலே இருக்கும் எண் வரிசையையே பயன்படுத்துங்கள். 2009இல் விண்டோஸ் 7 வந்த நாளிலிருந்து இந்த வசதி இப்படியே இருக்கிறது. பழைய கணினி என்று தயங்க வேண்டாம்.

ஸ்டார்ட் மெனுவில் இரண்டு எழுத்து அடித்தாலே போதுமே என்று பலர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் வேலை செய்பவர்களுக்குச் சரி. நீங்கள் நாள் முழுக்கத் தமிழில் அடிக்கிறீர்கள். தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துதான் விழும், தேடியது கிடைக்காது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாறி, அப்புறம் தமிழுக்குத் திரும்ப வேண்டும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு நான் முதலில் எண்ணைச் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இன்னொன்று. வேர்ட் 2ஆம் இடத்தில் இருக்கிறது என்று வையுங்கள். விண்டோஸ் கீ, ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் மேலெழும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை என்று நீங்கள் மாதிரி மனுக்கள் வைத்திருப்பீர்கள். அவற்றை ஒருமுறை திறந்துவிட்டு, பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வரும் ஊசிக் குறியை அழுத்திவிடுங்கள். பிறகு அவை அங்கேயே நிற்கும். அம்புக்குறியால் போய் என்டர் தட்டினால் மனு திறந்துவிடும். மாதிரிக் கோப்பை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ டிக் செய்துவிடுங்கள். அவசரத்தில் சேவ் அழுத்தினாலும், முந்தைய ஆளின் பெயர் மாதிரியில் பதியாமல் வேறு பெயர் கேட்கும். வாசலில் நிற்பவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். அவர் மனுவில் இன்னொருவர் சர்வே எண் கிடந்தால் அந்த நாள் வீணாகிவிடும்.

ஷார்ட்கட் கீ பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெஸ்க்டாப் ஐகானின் பிராப்பர்ட்டீஸில் ‘ஷார்ட்கட் கீ’ என்ற கட்டம் இருக்கும். அதில் ஓர் எழுத்தைத் தட்டினால் கன்ட்ரோல், ஆல்ட் தானாகச் சேர்ந்துகொள்ளும். வைக்கலாம், ஆனால் பார்த்து வையுங்கள். புதுச்சேரியில் என் மேசைக் கணினியில் கால்குலேட்டருக்குக் கன்ட்ரோல், ஆல்ட், 4 வைத்திருந்தேன். ஒரு வாடகை ஒப்பந்தம் அடிக்கும்போது ரூபாய்க் குறி விழவே இல்லை. தட்டத் தட்டக் கால்குலேட்டர்தான் வந்தது. இந்திய ஆங்கில விசைப்பலகையில் ரூபாய்க் குறிக்கும் அதே மூன்று விசைகள்தான். காரணம் புரிய எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று. பணத்தொகை அடிக்காத மனுவே உங்கள் கடையில் குறைவாக இருக்கும், 4ஐ விட்டுவிடுங்கள். இன்னொன்று, டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஐகானை அழித்தால் ஷார்ட்கட் கீயும் போய்விடும்.

காலையில் கணினியைப் போட்டதும் வேர்டும் குரோமும் தானாகத் திறக்க வேண்டுமானால், விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று இடைவெளி இல்லாமல் (shell:startup) அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் அந்த இரண்டின் ஷார்ட்கட்டையும் போட்டுவிடுங்கள். இரண்டோடு நிறுத்துங்கள், ஆறையும் போட்டால் கணினி எழுந்திருக்கவே நேரமாகும்.

ஞாயிறு மாலை கடை சும்மா இருக்கும்போது வரிசையை அமைத்து, எந்த எண் எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவையுங்கள். கடையில் உதவிக்கு யாராவது இருந்தால், ஐகான்களை இடம் மாற்ற வேண்டாம் என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். கை எண்ணுக்குப் பழக இரண்டு மூன்று திங்கட்கிழமைகள் ஆகலாம். அதற்குப் பிறகும் மணிக்கட்டு வலித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.