பழைய பலகை: வாசகர் கேள்விகள்

தொழிற்சாலையில் கழித்துப்போடும் பாலெட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மேசை செய்யலாமா? (பட்டர்வொர்த்)

முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது. கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம். தாராளமாகச் செய்யலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையடித்தது, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. வீட்டுக்குள் வேண்டாம். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால், முத்திரை எதுவானாலும் தொடாதீர்கள். மரம் எதைக் குடித்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மரம்தான் மக்கிவிடுமே, குப்பைமேட்டுக்குப் போனால் என்ன? (ஆயர் ஈத்தாம்)

குப்பைக்கு அடியில் காற்றில்லாமல் மக்கினால் மீத்தேன் வரும். மெதுவாகத்தான் வரும், ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடு பிடிக்கும். காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். அது மேசையாக நிற்கும்வரை அந்தக் கார்பன் உள்ளேயே இருக்கும்.

வீடு இடித்த மரம் நிறைய இருக்கிறது. பொங்கலுக்கு விறகாக்கலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

என்ன மரம், சாயம் அடித்ததா, வீட்டில் எந்தப் பகுதியில் இருந்தது, ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தையிலும் இதைப் பார்த்து மனம் பதைக்கிறது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். பச்சை படிந்த தூண், வேலிக்கட்டை என்றால் கரையானுக்காகச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றியதாக இருக்கலாம். எரித்தால் ஆர்சனிக் அழியாது. கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தப் புகையில்தான் பால் பொங்குகிறது, பக்கத்திலேயே பிள்ளைகள் நிற்கிறார்கள். அப்புறம் அதே சாம்பலை வாழைக்குப் போடுகிறோம். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சாயமோ மருந்தோ படாத உத்திரம், சட்டம் இருந்தால் ஆணி பிடுங்கி, பழைய மரம் வாங்குபவரிடம் கொடுங்கள். நல்ல மெராந்திப் பலகை இன்னொரு வீட்டுக்கு இன்னும் பல்லாண்டு உழைக்கும். பொங்கலுக்குக் காய்ந்த கிளையோ தென்னைமட்டையோ போதும்.

எம்டிஎஃப் மறுசுழற்சிப் பலகைதானே, சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? (பிறை)

பாதி சரி. எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகை. பால் வற்றி 25, 30 ஆண்டில் வெட்டும் ரப்பர் மரத்தின் துண்டு துணுக்கு வீணாகாமல் போகிறது. ஆனால் ஒட்டுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. வாங்கினால் ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவிடும் இ1 (E1) அல்லது இ0 (E0) தரமா என்று பாருங்கள். பசை ஏறிய பலகையைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. அதனால் முதலில் பலகையைப் பலகையாகவே பயன்படுத்துங்கள், முடியாதபோது தூளாக்கலாம்.

மரத்தூளைச் செடிக்குப் போடலாமா? (ஜூரு)

எம்டிஎஃப், பிளைவுட் தூள் கூடவே கூடாது. வெறும் மரத்தூள் என்றால் சாணத்தோடு மக்கவைத்துப் போடுங்கள். பச்சையாக மண்ணில் கலந்தால் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, மூக்கில் புற்றுநோயும் வரலாம்.