சுத்தியல் படாத கத்திப் புத்தகங்கள்

கேள்வி: கத்தி அடிக்கக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. கத்தி செய்முறை என்று போட்டிருந்த இரண்டு புத்தகங்களை வாங்கிவிட்டேன். இரண்டிலும் உருக்குப் பட்டையை அறு, சாணையில் தேய், பிடி போடு என்றுதான் இருக்கிறது. உலையே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை, அது வேறு வழி. வேண்டாத உருக்கைத் தேய்த்து எடுத்து வடிவம் கொண்டுவருவது ஒன்று, காய்ச்சி அடித்துக் கொண்டுவருவது இன்னொன்று. அட்டையில் ‘நைஃப் மேக்கிங்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் முதல் வகைதான். ‘பிளேட்ஸ்மித்’ (கத்தி அடிக்கும் கொல்லர்), ‘ஃபோர்ஜ்’ (உலை, காய்ச்சி அடிப்பது) மாதிரி ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பொருளடக்கத்தையும் பாருங்கள். வாங்கிய இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். அடித்து முடித்த கத்தியையும் தேய்த்துத்தான் ஆக வேண்டும், பிடி போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு புத்தகத்தை எழுதியவர் நிஜமாகவே பட்டறைக்கல் (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்) முன்னால் நின்றவரா என்று பார்க்க நான் ஒரு பக்கத்தைத் தேடுவேன். கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, அடித்து மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் நீளும், முதுகுப் பக்கம் நீளாது. அதனால் நேராக இருந்த பட்டை முதுகுப் பக்கமாக வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். முதல் தடவை அடிப்பவர் தன் கை சரியில்லை என்று நினைத்து வெறுத்துப்போவது இங்கேதான். வாயை அடிக்க ஆரம்பிக்கும் முன்பே பட்டையை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்து வைத்துக்கொண்டால், அடிக்க அடிக்க அதுவே நிமிர்ந்து வரும். இதைச் சொல்லியிருக்கிற புத்தகத்தை நம்பி வாங்கலாம். சொல்லாமல், முடிந்த கத்தியின் பளபளப்பான படங்களை மட்டும் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் முதலில் எதை வாங்குவது? ஒன்றிரண்டு பெயர் சொல்லுங்கள் ஐயா.

பதில்: இரண்டே இரண்டு சொல்கிறேன். அலெக்சாண்டர் வேகர்ஸ் எழுதிய ‘தி கம்ப்ளீட் மாடர்ன் பிளாக்ஸ்மித்’ முதலாவது. 1970களில் தனித்தனியாக வந்த அவருடைய மூன்று புத்தகங்களை ஒன்றாக்கிப் போட்ட தொகுப்பு அது. படங்களையும் அவரே வரைந்திருக்கிறார். சுத்தியலும் குறடும் உலையும் எப்படி வேலை செய்கின்றன, தனக்கு வேண்டிய கருவியைத் தானே எப்படிச் செய்துகொள்வது என்பதெல்லாம் அந்தக் கோட்டோவியங்களைப் பார்த்தாலே விளங்கும், புகைப்படத்தில் அவ்வளவு தெளிவு வராது. கத்திக்கென்று எழுதியது இல்லைதான், ஆனாலும் கை பழகாமல் கத்திக்குப் போனால் உருக்கும் வீண், கரியும் வீண்.

இரண்டாவது, வேன் கொடார்ட் எழுதிய ‘தி 50 டாலர் நைஃப் ஷாப்’. 2001இல் முதலில் வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாதவர் கிடைத்ததை வைத்து உலை, பட்டறைக்கல் எல்லாம் எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று காட்டும் புத்தகம். இயந்திரம் வாங்கக் காசு சேரட்டும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

கேள்வி: காய்ச்சிய கத்தியை ஒரு புத்தகம் தண்ணீரில் முக்கு என்கிறது, இன்னொன்று எண்ணெய் என்கிறது. ஒன்றில் செக்கச்செவேல் என்று காய்ச்சச் சொல்கிறார்கள், இன்னொன்றில் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: எந்த உருக்கு என்று சொல்லிவிட்டுப் பேசுகிறவரை நம்புங்கள். காய்ச்சி முக்கிக் கத்தியைக் கடினமாக்குவதைத்தான் பதம் போடுவது என்கிறோம். உருக்குக்கு உருக்கு பதம் மாறும், ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்கு அதுதான் காரணம். ஒரு பழைய கையேட்டை நம்பி, என்ன ரகம் என்றே தெரியாத வண்டி வில்பட்டை ஒன்றை மூன்று நாள் அடித்துத் தேய்த்து, அதில் சொன்னபடியே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கினேன். நகத்தால் கண்ணாடியைச் சுண்டியது போல ‘டிங்’ என்று ஒரு சத்தம். எடுத்துத் துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து முதுகு நோக்கி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அந்தக் கையேட்டில் எந்த ரகம் என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் கத்தி பிழைத்திருக்கும்.

அதனால் பதம் போடும் அத்தியாயத்தை முதலில் படியுங்கள், பிறகு வாங்குங்கள். நல்ல புத்தகம் 1084 போல ஒரு எளிய உருக்கைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு எண்கள் அது சாதாரண கார்பன் உருக்கு என்று சொல்கின்றன, கடைசி இரண்டும் சுமார் 0.84 சதவீதம் கார்பன் என்று சொல்கின்றன. இதைச் சுமார் 815 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்ச வேண்டும். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாமல் போகும், அதிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே. ரொம்ப மேலே போனால் உருக்குக்குள்ளே இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்துக் கத்தி பொறுக்கென்று உடையும். ஐம்பது டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கிய எண்ணெயில் நேராக இறக்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் கோணிக்கொள்ளும். ஆறியதும் அரத்தை வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் போச்சு. அன்றைக்கே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்து எடுத்தால்தான் கத்தி. இந்த எண்களும் ஏன் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் நிறத்தை வைத்து எழுதியிருந்தால் போதாது, ஒரே சூட்டில் இருக்கும் கத்தி இருட்டறையில் ஆரஞ்சாகத் தெரியும், வெயிலில் மங்கலாகத் தெரியும்.

பழைய புத்தகங்களில் இன்னொன்று கவனியுங்கள். குறைந்த சூட்டில் வாயைத் தட்டித் தட்டி உருக்கை நெருக்கினால் கூர்மை நிற்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை இல்லை, பதம் போடக் காய்ச்சும்போது உள்ளமைப்பே புதிதாக உருவாகிவிடுகிறது. அந்த ஒரு பத்திக்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம், மற்ற கைவேலை நன்றாக இருக்கலாம்.

இதையெல்லாம் அடி முதல் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் ஜான் வெர்ஹோவனின் ‘ஸ்டீல் மெட்டலர்ஜி ஃபார் தி நான்-மெட்டலர்ஜிஸ்ட்’, 2007. பேராசிரியராக இருந்துகொண்டே கத்தி அடிப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். 2020இல் வந்த லாரின் தாமஸின் ‘நைஃப் இன்ஜினியரிங்’ இன்னும் நேரடியாகக் கத்தியைப் பற்றியே பேசும். ஐந்தாறு கத்தி அடித்த பிறகு வாங்குங்கள் தம்பி. முதலிலேயே வாங்கினால் பாதியில் மூடிவிடுவீர்கள்.

கேள்வி: வீடியோ இருக்கும்போது புத்தகம் எதற்கு?

பதில்: இரண்டும் வேண்டும். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, குறடை எங்கே பிடிக்கிறார் என்பதற்கு வீடியோதான். ஆனால் கேமரா வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைப்பதால் சூட்டின் நிறம் அதில் பொய்யாகத் தெரியும். நாற்பது முறை காய்ச்சியதை நான்கு நிமிடமாக வெட்டியும் விடுகிறார்கள்.

கேள்வி: வாங்கும் முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில்: துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பை உலையில் வைக்காதே, அந்தப் புகை ஆளைப் படுக்கவைக்கும் என்று எச்சரித்திருக்கிறதா பாருங்கள். சாணை பிடிக்கும்போது சுவாசக் கவசம், அடிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இந்த இரண்டும் முதல் சில பக்கங்களிலேயே வர வேண்டும்.