யானைக்குப் புள்ளடி

அன்புள்ள ஐயா,

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது மெல்பேர்ணில் படிக்கிறேன். என் அறைத்தோழன் அமெரிக்கன். தன்னை லிபரல் என்கிறான். அவன் ஊரில் அது இடதுசாரிப் பக்கமாம். இங்கேயோ லிபரல் கட்சிதான் வலதுசாரி. இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பினேன். ‘நடுவுக்குச் சற்று இடது’ என்று வந்தது. நம் நாட்டில் நான் எங்கே நிற்பேன்? இன்றைய ஆளுங்கட்சியை இடதுசாரி எனலாமா? எங்கள் பாட்டி அரசியல் தெளிவில்லாமல் இன்றுவரை ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்துக்கே புள்ளடி போட்டு வாக்களிக்கிறவர். அவரிடம் இதையெல்லாம் கேட்க முடியாது.

*

அன்புத் தம்பிக்கு,

பெயர்க் குழப்பம் பெரிய விஷயமில்லை. 1789இல் பிரெஞ்சு சபையில் மன்னரின் வீட்டோ அதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். அங்கே கிளம்பிய சொல், போன நாடெல்லாம் அந்தந்த ஊர்ச் சண்டைக்கு ஏற்றபடி மாறிக்கொண்டது. ஆளுங்கட்சி பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். கேள்வித்தாளை மறந்துவிடுங்கள். வரியைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்கிற அந்தத் தாள், உங்களை நாடு ஆளாகக் கணக்கெடுத்திருக்கிறதா என்று கேட்காது.

ஆனால் பாட்டியைப் பற்றி எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெளிவில்லாமலா போட்டார்?

1947 தேர்தலில் நம் மலையகத் தமிழர் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே ஐக்கிய தேசியக் கட்சி அரசு, நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாக்குரிமையும் போனதால் 1952இல் நமக்கு ஒருவரும் இல்லை. அந்தச் சட்டத்தை இடதுசாரித் தலைவர்கள் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எதிர்த்தார்கள். அதற்கு முன்னே, 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தபோது நியாயம் கேட்டதும் இடதுசாரிகளான சமசமாஜக் கட்சிக்காரர்கள்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

சரி, அப்புறம்? 1964 ஜூனில் அதே சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோவின் அரசில் சேர்ந்தது. பெரேரா நிதி அமைச்சர். ஒக்டோபரில், இந்தியப் பிரதமரோடு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்து. நம்மில் யாரையாவது கேட்டார்களா? எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்ட வரிசைவீடுகளான லயங்களில் நம்மவர்கள் பட்டினி கிடந்தபோது தோட்டத்துறை அமைச்சர் யார்? கொல்வின். 1988இல், நாடற்றவராக மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் யாருடையது? முன்பு பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசுடையது. பறித்ததும் வலது, கொடுத்ததும் வலது. தடுக்கப் பார்த்ததும் இடது, அனுப்பிய அரசில் இருந்ததும் இடது. இதில் பாட்டியை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்? நம் தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான தொண்டமான் 1978இல் ஐக்கிய தேசியக் கட்சி ஜனாதிபதி ஜே.ஆரின் திறந்த பொருளாதார அமைச்சரவையில் உட்கார்ந்ததை உங்கள் அமெரிக்க நண்பனுக்கு எப்படி விளக்குவீர்கள்? அதே ஆட்சியில்தான் 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் நம் கடைகள் எரிந்தன. அதுவும் பாட்டிக்குத் தெரியும். தெரிந்துதான் புள்ளடி போட்டார்.

என் பெரியப்பா பொகவந்தலாவையில் சிவப்புச் சங்கக்காரர். மே தினம் வந்தால் கொடியைத் துவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்துத்தான் எடுத்துப் போவார். 1971இல் அந்த ஒப்பந்தத்தில் இந்தியா போனார். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் அப்பாவின் கையை ஜன்னல் வழியே விடவில்லை. அப்பா கூடவே ஓடினார். கொடியை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார். கூடைக் கயிறு தலையை அறுக்காமலிருக்க அம்மா அதை மடித்து வைத்துக் கொழுந்து பறித்தார்.

1994இல் தமிழ்நாட்டுக் கூடலூரில் அவரைப் போய்ப் பார்த்தேன். பொகவந்தலாவையில் ‘இந்தியாக்காரன்’ என்று ஏச்சு வாங்கியவரை அங்கே ‘சிலோன்காரர்’ என்று கூப்பிட்டார்கள். “இப்ப எந்தக் கட்சி பெரியப்பா?” என்றேன். “ரேஷன் கார்டு எடுத்துக் குடுத்தவன் கட்சிதான்” என்றார். முகத்தில் வெட்கமில்லை, வருத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “என் கொடி இருக்கா?” என்று கேட்டார். அம்மா தலையில் வைத்து நைந்துபோனதைச் சொன்னேன். “நல்லதுக்குத்தான் ஒதவியிருக்கு” என்றார்.

தம்பி, நீங்கள் நல்ல பிள்ளை. இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் போயும் இதை யோசிக்க மாட்டீர்கள். ஆனால் பாட்டியிடம் கேட்க முடியாது என்று இனி எழுதாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போடுங்கள். டிரங்குப் பெட்டியில், பொலித்தீனில் சுற்றி, ஒரு பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கும். அதில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.