விமான சிமுலேட்டரில் 737 ஒன்றையே ஓட்டிக்கொண்டிருப்பதா, தள்ளுபடியில் வரும் 777-ஐயும் வாங்குவதா?

ஓராண்டாகக் கணினி சிமுலேட்டரில் போயிங் 737-800 மட்டுமே ஓட்டி வருகிறேன், கொஞ்சம் அலுத்துவிட்டது, அதைவிடப் பெரிய போயிங் 777 தள்ளுபடியில் கிடைக்கிறது, மூன்று நாளில் முடிந்துவிடும், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். சிக்கனக்காரன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் வாங்க நினைப்பதை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வியின் தொனியை வைத்து ஓர் ஊகம்: நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும், இரவு பத்து மணிக்கு மேல்தான் கணினி உங்கள் கைக்கு வரும், வீட்டில் இதை விளையாட்டு என்று சொல்வார்கள். என் உம்மாவும் அப்படித்தான் சொல்வார். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கீழக்கரைக்காரன். ஒன்பது ஆண்டுகள் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிவிட்டு 2020-இல் ஊர் திரும்பி, இப்போது சிறிய ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் துபாயிலிருந்து மதுரைக்கு வரும் 737-இல் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குவேன். இறக்கையை அகலமாக்கும் ஃபிளாப்புகள் ஒவ்வொரு கட்டமாக விரிவதையும், சக்கரம் தரையில் பட்டவுடன் இறக்கையின் மேல் பலகைகள் எழுந்து நிற்பதையும் பார்த்துப் பார்த்து, இதை யாரோ ஒருவர் வரிசை பிசகாமல் செய்கிறாரே என்று வியந்ததுண்டு. அதனால் 2022 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் 737-800 வெளிவந்தவுடன் வாங்கிவிட்டேன்.

நான்கு மாதங்களில் எஞ்சினைக் கிளப்பவும், விமானத்தின் வழிகாட்டும் கணினியான எஃப்.எம்.சி.யில் வழித்தடத்தை ஏற்றவும், மேலே ஏறவும் கற்றுக்கொண்டேன். இறங்கத்தான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஓடுதளத்துக்குப் பத்து கடல் மைல் இருக்கும்போது இரண்டாயிரம் அடி அதிக உயரத்தில் இருப்பேன். அந்தக் கட்டத்தில் என் கை சரியில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, இந்த விமானம் பழைய காலத்து வடிவமைப்பு, எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிக்கொள்வது எளிதாக இருந்தது. அவ்வாறு சொல்லிக்கொண்டேதான் ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320-ஐ வாங்கினேன். அதிலும் அதே பத்தாவது மைலில் அதே உயரத்தில் நின்றேன். பிறகு 2024 ஜூனில் 777-300இஆர் வந்தபோது, ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அதையும் வாங்கினேன். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் என்று என் வங்கி அட்டையை மூன்று முறை நிராகரித்து, நான்காம் முறை இருமுறை பணம் எடுத்துக்கொண்டு, அதிகப்படியை ஏழு வாரம் கழித்துத் திருப்பித் தந்த கதையைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. ஆனால் அந்த ஏழு வாரமும் வங்கிக்கு நடந்த நேரத்தில் ஒழுங்காக நாற்பது முறையாவது இறங்கிப் பழகியிருக்கலாம்.

மறு ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு லாத்தா (என் அக்கா) குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் அவர் மகன் என் அறைக்கு வந்து, விமானப் பட்டியலைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, நாங்கள் எப்போதும் வந்து இறங்கும் மதுரையில் 737-ஐ இறக்கிக் காட்டச் சொன்னான். ஐந்து மாதமாக நான் அந்த விமானத்தைத் தொடவில்லை. இருந்தாலும் மாமனுக்கு ஒரு கெத்து உண்டல்லவா, உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஏர்பஸ்ஸில் இறக்கத்தைத் தொடங்க வேண்டிய இடம் வந்ததும், உயரத்தை அமைக்கும் குமிழை நாம் அழுத்தினால்தான் அது இறங்கத் தொடங்கும். 737-இல் அதற்கு முன்பே கீழான உயரத்தைக் குமிழில் வைத்துவிட்டால், வி.நேவ் என்ற, கணினியே உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் முறையில் விமானம் தானாகவே இறங்கத் தொடங்கும். வைக்காவிட்டால் எச்சரிக்கை ஒன்றை எழுதிக் காட்டிவிட்டு மட்டமாகவே பறந்துகொண்டிருக்கும். நான் அழுத்தும் நேரத்துக்காகக் காத்திருந்தபடியே மருமகனுக்கு விங்லெட் (இறக்கை நுனியில் மேல்நோக்கி நிற்கும் பகுதி) எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது இறங்கத் தொடங்க வேண்டிய இடத்தைப் பதினைந்து மைல் தாண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய மூக்கைக் கவிழ்த்தேன், வேகம் ஏறியது, அதைக் குறைக்க ஸ்பீட்பிரேக்கை இழுத்தேன். ஆயிரத்து ஐந்நூறு அடியில் ஆட்டோபைலட்டை விடுவித்ததும் அடுத்த வினை. ஏ320 சாதாரண நிலையில் தன் ட்ரிம்மை, அதாவது மூக்கு தானாக ஏறாமலும் இறங்காமலும் நிற்கச் செய்யும் சரிக்கட்டலை, தானே பார்த்துக்கொள்ளும். 737-இல் ஒவ்வொரு வேக மாற்றத்துக்கும் நம் கட்டைவிரல்தான் ட்ரிம் செய்ய வேண்டும். என் கட்டைவிரல் அதை மறந்தே போயிருந்தது. 140 நாட் வேகத்தில் கடக்க வேண்டிய ஓடுதள முனையை 170-இல் கடந்து, பாதிக்கு மேல் மிதந்து போய்ச் சக்கரத்தைத் தட்டினேன். மதுரையின் ஓடுதளம் 2,285 மீட்டர். எனக்குப் போதவில்லை.

"மாமா, ரோடு முடிஞ்சு போச்சு" என்றான். நக்கலாகச் சொல்லவில்லை, மிகுந்த அக்கறையோடுதான் சொன்னான். அதுதான் கூடுதலாக வலித்தது.

அன்று முதல் இன்றுவரை 737-800 மட்டுமே. வழித்தடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மதுரையிலிருந்து கொழும்பு, ஏறத்தாழ 190 கடல் மைல். சாயல்குடிப் பக்கம் கரையைத் தாண்டும்போது இடப்புறம் எங்கள் ஊர் இருக்கும். மன்னார் வளைகுடாவின் மேல் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் கணக்கைப் போட வேண்டியிருக்கும் என்பதால், என்னைப்போல் இறக்கத்தில் கோட்டை விடுபவனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் என்பது அடிப்படைக் கணக்கு. 24,000 அடியில் இருந்தால் 72 மைல். வேகத்தைக் குறைக்க இன்னொரு பத்து மைல். பின்னாலிருந்து காற்று தள்ளினால் அதற்கும் சேர்த்து. கடைசிக் கட்டத்தில் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு இறங்க வேண்டிய அடி கிடைத்துவிடும். 140 நாட் என்றால் 700 அடி. இவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, ஒவ்வொரு பயணத்திலும் எஃப்.எம்.சி. இறங்கத் தொடங்கச் சொல்லும் இடத்துக்கும் என் மனக்கணக்குக்கும் எத்தனை மைல் வேறுபாடு என்று குறித்து வந்தேன். ஆறாவது வாரத்தில் வேறுபாடு மூன்று மைலுக்குள் வந்தது. மூன்று விமானங்களை வாங்கியபோது வராத மகிழ்ச்சி அப்போது வந்தது என்றால் நம்புவீர்களா?

அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். உங்கள் நடு எரிபொருள் தொட்டி காலியாகும் நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து பார்த்திருக்கிறீர்களா? குறுகிய பயணங்களுக்கு இறக்கைத் தொட்டிகளே போதும். ஒவ்வொன்றும் சுமார் 3,900 கிலோ பிடிக்கும். அதனால் பல மாதம் நடுத் தொட்டியை நான் தொட்டதே இல்லை. ஒருநாள் துபாய்க்குப் போக ஆசைப்பட்டுப் பத்து டன்னுக்கு மேல் நிரப்பிக் கிளம்பி, அரபிக்கடலின் நடுவே பம்ப்பின் அழுத்தம் குறைந்ததாக விளக்கு எரிந்தபோது, எஞ்சினே நின்றுவிடப்போகிறது என்று பதறிப்போனேன். தொட்டி வற்றிவிட்டது, பம்ப்பை நிறுத்து என்பதைத் தவிர அதில் வேறு செய்தியே இல்லை. இன்னொன்று: விமானம் தன் இருப்பிடத்தையும் திசையையும் உணர்ந்துகொள்ளும் ஐ.ஆர்.எஸ். கருவி, நிலநடுக்கோட்டுக்கு அருகே என்றால் ஐந்து நிமிடங்களிலேயே தயாராகிவிடும். துருவத்தை நோக்கிப் போகப்போகப் பதினேழு நிமிடம்வரை எடுத்துக்கொள்ளும். 9 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு இது சீக்கிரம் முடிவதன் காரணம் எனக்கு விளங்கியது மூன்றாம் ஆண்டில்தான். மேலெழும்போது சக்கரம் தரையில் இருக்கையிலேயே மூக்கு 11 பாகையைத் தொட்டால் 800-இன் வால் ஓடுதளத்தில் உரசும். இத்தனை நாள் நான் எத்தனை முறை உரசியிருப்பேனோ, சிமுலேட்டர் பெருந்தன்மையோடு சொல்லாமல் விட்டிருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது, இறங்காமல் மீண்டும் மேலே போகக் கற்றுக்கொண்டது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஒரு 737-800 மங்களூரில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். உயரமும் வேகமும் சரியாக இல்லாதபோதும், துணை விமானி மேலே போகச் சொல்லியும், இறக்கம் தொடர்ந்தது என்று விசாரணை கூறியது. வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த எங்கள் கடற்கரையில் அந்தச் செய்தியை யாரும் வெறும் செய்தியாகக் கேட்கவில்லை. அதைச் சிமுலேட்டர் பேச்சோடு சேர்ப்பது தகாது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பெருநாளன்று மருமகன் முன்னால் நான் செய்ததும் அதே வகைத் தவறுதான், என் பின்னால் மனிதர்கள் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. இப்போது ஆயிரம் அடியில் வேகம், உயரம், ஃபிளாப் மூன்றும் ஒழுங்காக இல்லையென்றால் யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் மேலே போய்விடுகிறேன்.

விமான நிறுவனங்களில்கூட ஒருவர் பொதுவாக ஒரு காலத்தில் ஒரு வகை விமானத்தைத்தான் ஓட்டுகிறார். வேறு வகைக்கு மாறத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு, மாறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கொருமுறை சிமுலேட்டரில் சோதித்துப் பார்க்கிறார்கள். இதைச் சொன்னதும், நாங்கள் என்ன சம்பளம் வாங்கும் விமானிகளா, பொழுதுபோக்குக்குத்தானே என்று கேட்க ஒருவர் வருவார். உண்மைதான், நானும் கேப்டன் அல்லன், ஆணி விற்கிறவன். விதவிதமான காக்பிட்டுகளில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதே மகிழ்ச்சி என்பவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல. இறக்கம் சரியாக வரவில்லை என்று கேள்வியின் கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 777 அந்தக் கடைசி வரிக்கு மருந்தாகாது.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் கால் பெடலோ, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நல்ல த்ராட்டிலோ வாங்குங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே ஈராண்டு தாங்காது, ஜாய்ஸ்டிக் எப்படித் தாங்கும்? என் பழைய த்ராட்டிலின் உட்புறத்தில் படிந்த அழுக்கால், நான் அசைக்காமலேயே எஞ்சின் விசை துள்ளும். அதையும் விமானத்தின் குறை என்றுதான் ஓராண்டு திட்டிக்கொண்டிருந்தேன். கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஏர்பஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டுமே ஆசை என்றால் ஃபிளைபைவயர் குழுவின் ஏ320 இலவசமாகவே கிடைக்கிறது. காசு கொடுத்து ஆசை தீர்க்கத் தேவையில்லை.

இரண்டாவது விமானம் வாங்குவதில் எனக்கு நியாயமாகத் தோன்றும் காரணம் ஒன்றே ஒன்று: கையிலிருப்பது போக முடியாத இடத்துக்குப் போக வேண்டியிருப்பது. தூத்துக்குடியின் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர் அளவுதான், அங்கே ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய புரொபெல்லர் விமானம் வந்து போனதற்கு அதுவே காரணம். அந்த ஓடுதளத்தில் இறங்க ஆசைப்படுபவர் ஏ.டி.ஆர். வாங்கினால், அவர் விமானத்தை வாங்கவில்லை, ஒரு புதிய பாடத்தை வாங்குகிறார் என்பேன். உங்கள் 777 எங்கே போவதற்கு என்று நீங்கள் எழுதவில்லை.

தள்ளுபடி இன்னும் எத்தனையோ முறை வரும். இந்த மூன்று நாளில் மதுரையில் பத்து முறை 737-ஐ இறக்கி, ஆயிரம் அடியில் எல்லாம் ஒழுங்காக இருந்து, ஓடுதளத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் பட்டவற்றை மட்டும் எண்ணி எழுதுங்கள். போன மாதம் எனக்குப் பத்துக்கு ஏழு. மருமகன் கல்லூரி விடுமுறையில் வந்து உட்கார்ந்தபோது ஆறு.