நீர்நாய்க் கதையும் மூன்று வரியும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறேன். என் மகனுக்கு எட்டு வயது. கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற்று, தொடக்கநிலை ஒன்றிலிருந்தே வீட்டில் படிக்கவைக்கிறோம். கணக்கை விரும்பிச் செய்கிறான். கதைப் புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்கித்தான் சாப்பிட வைக்க வேண்டும். எழுதச் சொன்னால் மட்டும் பென்சில் சீவப் போவான், தண்ணீர் குடிக்கப் போவான், கடைசியில் அழுவான்.

போன மாதம் நீர்வழிப் பூங்காவில் ஒரு நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் கால் மணி நேரம் தமிழில் சொல்லி நடித்தே காட்டினான். எந்தக் குட்டி மீனைப் பறிகொடுத்தது, தாய் எப்படி அதட்டியது என்று எல்லாம் வந்தது. மறுநாள் ஆங்கிலப் பாட நேரத்தில் அதையே எழுதச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து மூன்று வரி. தமிழில் சொன்னால், "நீர்நாய்களைப் பார்த்தேன். அவை மீன் தின்றன. முடிந்தது."

தெரிந்த வீட்டுக்கல்வித் தாய்மார்கள் ஆளுக்கொரு எழுத்துப் பாடத்திட்டம் சொல்கிறார்கள்: ரைட்டிங் வித் ஈஸ், ஐஇடபிள்யூ, பிரேவ் ரைட்டர். ஏற்கெனவே நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய ஒன்று அலமாரியில் தூங்குகிறது. "பள்ளிக்கு அனுப்பியிருந்தால் எழுதியிருப்பான்" என்கிறார் மாமியார். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீங்களும் மகனை வீட்டில் படிக்கவைத்தவர். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

"முடிந்தது" என்பதற்கு ஒரு தனி வரி ஒதுக்கியிருக்கிறானே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு அந்த முக்கால் மணி நேரம் நினைவுக்கு வந்து சிரிப்பு அடங்கிவிட்டது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது எதையும் வாங்காதீர்கள். இரண்டு மாதம் போகட்டும். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் மகன் கதையைத் தாத்தாவிடம் தமிழில் சொன்னான். நீங்கள் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னீர்கள். நம் வீடுகளில் இது அன்றாடம் நடப்பதால் கண்ணில் படுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று எத்தனை வேலை என்று எண்ணிப் பாருங்கள். நடந்ததை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், தமிழில் சொன்னதை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், வாக்கியமாகக் கோக்க வேண்டும், நீர்நாய்க்கு ஆங்கிலத்தில் ஒரு 'டி'யா இரண்டு 'டி'யா என்று யோசிக்க வேண்டும், அதற்குள் பென்சில் கோட்டை விட்டு இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நமக்குக் கை தானாக ஓடுகிறது, அதனால் இந்தப் பாரம் மறந்துவிட்டது. அவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் இன்னும் ஒரு வேலை. தாய் நீர்நாய் அதட்டிய காட்சி வருவதற்குள் கை களைத்துவிட்டது. "முடிந்தது" என்று அவன் எழுதியது கதையைப் பற்றி அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுதப் பிடிக்கவில்லை என்ற ஒரே புகாருக்குள் பல வேறு சங்கடங்கள் இருக்கும். சில பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றாது. சிலருக்குத் தோன்றும், வரிசைப்படுத்த வராது. சிலருக்கு இரண்டும் வரும், கையும் எழுத்துக்கூட்டலும் காலை வாரிவிடும். உங்கள் மகனுக்கு முதல் இரண்டு குறையும் இல்லை என்பதற்கு உங்கள் அப்பாவே சாட்சி. அப்படியானால் பாடத்திட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் வாயையும் கையையும் கொஞ்ச காலம் பிரித்து வைத்துப் பார்க்கலாம்.

இது அமெரிக்கச் சரக்கு என்று உங்கள் மாமியார் நினைத்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். உ.வே.சா. 'என் சரித்திரம்' நூலில் தம் ஆசிரியர் செய்யுள் இயற்றிய விதத்தை எழுதியிருக்கிறார். பிள்ளையவர்கள் மனத்தில் அமைத்து வாயால் சொல்வார், பக்கத்தில் ஒரு மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். புராணங்களையே அப்படி இயற்றியவரை எழுத வராதவர் என்று யாரும் சொன்னதில்லை. நன்னூலிலும் மாணவனின் கடமைகளாக ஒரு பட்டியல் உண்டு. பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல் என்று போகும் அந்தப் பட்டியலில் எழுதுதல் கிடையாது. ஓலைக் காலத்து நூல், அது நம் காலத்துக்குப் போதாதுதான். ஆனால் கேட்டதை நினைத்துத் திருப்பிச் சொல்லும் பயிற்சிதான் இன்று வீட்டுக்கல்விப் புத்தகங்களில் பெரிய கண்டுபிடிப்புப் போல வருகிறது. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் (1842–1923) சிறு பிள்ளைகளைப் படித்ததை வாயால் சொல்லவைத்தார். அதை எழுதிக் காட்டச் சொல்வதைப் பத்து வயதை ஒட்டித்தான் தொடங்கினார். உங்கள் பையனுக்கு எட்டு.

எனவே இந்த வாரம் ஒரு நாள் அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். திருத்தாமல், அவன் சொன்னபடியே எழுதி, பிறகு உரக்கப் படித்துக் காட்டுங்கள். தன் பேச்சு காகிதத்தில் வந்திருப்பதைக் கேட்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். வேறொரு நாள், அந்தக் கதையிலிருந்து அவனுக்குப் பிடித்த ஒரே வரியை மட்டும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிதான், இரண்டாவது வேண்டாம். அப்போது அவன் கையைக் கவனியுங்கள். பென்சிலை நெரித்துப் பிடிக்கிறானா, விரல் வலிக்கிறது என்கிறானா, பார்த்து எழுதும்போதும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா? நாள்தோறும் ஐந்து நிமிடம் என்று இரண்டு மாதம் செய்தும் மாற்றம் இல்லையென்றால் அது பிடிவாதம் இல்லை. பலதுறை மருந்தகத்தில் சொல்லி, அவன் வயதுக்கு எங்கே காட்டலாம் என்று கேட்டுப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். கை வேலை, அன்றாடப் பணிகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் பார்த்தால் கைப் பிரச்சினையா, டிஸ்கிராஃபியா எனும் எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடா என்று வழி தெரியும். எழுத்துக்கூட்டல்தான் மிக மோசம் என்றால் சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்தில் மதிப்பீடு செய்யலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை தேவைப்பட்டால் நிபுணரின் அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

கை நன்றாகவே இருக்கிறது, பழக்கம்தான் போதவில்லை என்று தெரிந்தால் அப்போது பாடத்திட்டங்களைப் பற்றிப் பேசலாம். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு குணம் கொண்டவை.

ரைட்டிங் வித் ஈஸ் கிட்டத்தட்ட நான் மேலே சொன்னதுதான். பார்த்து எழுதுவது, கேட்டுச் சொல்வது, பிறகு சொல்வதெழுதுதல். சொந்தமாக எழுது என்று பிள்ளையை அது வற்புறுத்துவதில்லை. பாடம் சிறியது, அம்மா யோசிக்காமல் பக்கத்தைத் திருப்பினால் போதும். உங்கள் மகனுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் ஊகம். வயதுக்குரிய நிலைக்கு ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். சலிப்பூட்டும் என்பது அதன் குறை. என் மகன் இருபதாவது வாரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்தான். நானும்தான்.

ஐஇடபிள்யூவில் ஒரு பத்தியைப் படித்து, வாக்கியத்துக்கு மூன்று சொல் வரை குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்தே திரும்ப எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று விழிக்கும் பிள்ளைக்கு இது நல்ல ஊன்றுகோல். ஆனால் போகப்போக, பத்திக்கு இன்ன இன்ன அலங்காரம் வைத்தாயா என்று சரிபார்க்கும் பட்டியல் வருகிறது. சில பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் எழுதியதைப் படித்தால், கல்யாணப் பெண்ணுக்கு நகை மாட்டி மாட்டி முகமே தெரியாமல் போன மாதிரி இருக்கிறது. நம் துணைப்பாட வகுப்புகளில் தமிழ்க் கட்டுரைக்கு மனப்பாடம் செய்யவைக்கும் 'இனிய தொடர்கள்' நினைவுக்கு வருகின்றனவா? எந்தக் கதையிலும் கதிரவன் செங்கதிர்களைப் பரப்பிக்கொண்டுதான் எழுகிறான். சிங்கப்பூரில் பாதி நாள் மழை.

பிரேவ் ரைட்டர் இவற்றுக்கு எதிர்ப்பக்கம். சில நிமிடம் தோன்றியதையெல்லாம் எழுது, பிழை பார்க்காதே என்கிறது. பிள்ளை பேசுவதை அம்மா ஓசையில்லாமல் குறித்துக்கொள்ளவும் சொல்கிறது. மனத்துக்கு இதமானது. ஆனால் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்று அட்டவணை தேடும் அம்மாவுக்குக் கை உதறும். நீங்கள் அந்த வகை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. நானும் அதே வகை. எதை வாங்குவதானாலும் மாதிரிப் பக்கங்களை அவர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வாரம் அவற்றை வைத்து ஓட்டிவிட்டுப் பணத்தை எடுங்கள். அலமாரியில் தூங்குவது எது என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் அதை எழுப்ப வேண்டியதில்லை.

தேர்வுக்கு வருகிறேன். வீட்டுக்கல்விப் பிள்ளைகள் நான்கு பாடங்களிலும் சேர்த்து 33ஆம் விழுக்காட்டு நிலையைத் தொட வேண்டும். அதாவது பள்ளி மாணவர்களை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால், கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி நிற்க வேண்டும். 2025இல் மாறிய ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 200 மதிப்பெண். மூன்று படங்களையும் ஒரு தலைப்பையும் கொடுத்துக் குறைந்தது 150 சொல்லில் எழுதச் சொல்லும் கட்டுரைக்கு 36. வாய்மொழித் தேர்வுக்கு 40! கால் மணி நேரம் நீர்நாய்களை நடித்துக் காட்டிய பையனுக்கு இந்தக் கணக்கு பாதகமாகவா இருக்கிறது? கட்டுரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 150 சொல் எழுதும் திடம் அவனுக்குப் பன்னிரண்டு வயதில் வேண்டும். அதற்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஒன்பது வயதில் தொல்லையில்லாமல் மூன்று வாக்கியம், பத்தில் ஒரு பத்தி, பதினொன்றில் ஒரு பக்கம் என்று போனாலே போதும். கடைசி ஆண்டு மட்டும் தேர்வுத் தாளைப் போல நேரம் வைத்துப் பழக்கினால் சரி.

தமிழ் எழுத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மொழியிலும் ஒரே நாளில் எழுதவைக்காதீர்கள். தமிழில் இன்னொரு படியும் உண்டு. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது வேறொன்று. பிள்ளை பேசியதை அப்படியே எழுதினால் தப்பு என்று சிவப்புக் கோடு போட்டுவிடுகிறோம். அவன் சொல்வதை நீங்கள் எழுதும்போது, முதலில் பேச்சிலேயே எழுதிவிட்டு, அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். என் மகனுக்கு அது ஒரு புதிர் விளையாட்டைப் போல இருந்தது.

அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டவள் நான்தான். அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று சட்டம் போட்டேன். மூன்று மாதம் அவன் ஒரே வாசகத்தை எழுதினான்: "இன்று பூங்காவுக்குப் போனேன். நன்றாக இருந்தது." அடைமழை பெய்து வீட்டைவிட்டு நகராத நாளிலும் அதே பூங்கா, அதே நன்றாக. நான் சந்திப்பிழையை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன். பொய்யைக் கவனிக்கவில்லை. பிறகு அவனாகவே ஓர் அட்டை விளையாட்டைக் கண்டுபிடித்தான். தன் தாத்தாவுக்கு விதிமுறை மறந்து மறந்து போகிறது என்று எரிச்சல்பட்டு, இரண்டு பக்கம் முழுக்க விதிகளை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினான். யாரும் சொல்லாமல் அவன் எழுதிய முதல் எழுத்து அதுதான். எழுத்துப்பிழை பதினொன்று. நான் தொடவில்லை. அந்த ஆண்டு அமைச்சுக்கு அனுப்பிய அறிக்கையில் அதன் நகலையும் சேர்த்தேன்.

இப்போது அவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். இன்றும் எழுத்து அவனுக்குப் பிடித்த வேலை இல்லை. அனுப்பும் மின்னஞ்சல் நான்கு வரியைத் தாண்டாது, ஆனால் நாலும் தெளிவாக இருக்கும். எனக்கு அது போதும். உங்களுக்கும் போதுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சில சமயம் நாம் பிள்ளையை எழுத்தாளனாக்கப் பார்த்துவிட்டு, அவனுக்கு எழுத வரவில்லை என்று அழுகிறோம்.

ஒரு கேள்வி. அந்த நீர்நாய்க் கதையை யாராவது எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் இன்று மாலையே அவனை மறுபடி சொல்லச் சொல்லி உங்கள் அப்பாவை எழுதச் சொல்லுங்கள், தமிழில். அவர் தலைமுறைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அவன் வேகத்துக்கு அவர் கை ஓடாது, நடுவில் "நில்லுடா, மெதுவாகச் சொல்" என்பார். பரவாயில்லை, நிற்கட்டும்.

அன்புடன்,
அக்கா